நாற்காலி காலி, லெட்டர் யாருக்கு?

மராட்டியில் எம்.எல்.ஏ.வுக்கு ஆம்தார் என்று பெயர். எம்.பி.க்கு காஸ்தார். கவுன்சிலருக்கு நகர்சேவக். ஊரிலிருந்து வந்திருந்த என் மாமனார் ஒரு பேனரைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "காஸ்தாரா? எவ்ளோ தாரார் மாப்ளே?" என்று கேட்டார். நல்ல கேள்விதான். ஒரு எம்.பி.க்குத் தொகுதி மேம்பாட்டு நிதி வருஷத்துக்கு 5 கோடி ரூபாய் என்று சொன்னதும், "அப்ப பேரு சரியாத்தான் வச்சிருக்கான்" என்று முடித்துவிட்டார்.

புனேயில் பதினாலு வருஷமாகப் பொட்டி தட்டுகிறேன். இங்கே அடுக்ககத்தை யாரும் அபார்ட்மென்ட் என்று சொல்வதில்லை, சொசைட்டி. எங்கள் சொசைட்டியில் தமிழ்க் குடும்பம் பன்னிரண்டு இருக்கும். நெல்லை, கோவை, தஞ்சாவூர், ஒரு குடும்பம் மட்டும் சென்னை. ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டு ஹாலில் தங்கமணி ஒரு தமிழ் வகுப்பு நடத்துகிறாள். ஒன்பது பிள்ளைகள் வரும், சுண்டல் போட்டால் பதினொன்று. இந்த லெட்டர் சமாச்சாரம் அங்கேதான் ஆரம்பித்தது. அதனால் பெருமை மொத்தமும் அவளுக்கே, எனக்கு ஓட்டுநர் வேலையும் ஜெராக்ஸ் வேலையும்தான்.

2023 ஜூலை. எங்கள் கேட்டுக்கு எதிரே அகலமான சாலை, அதைத் தாண்டினால் பள்ளிக்கூடம். ஒரு காலத்தில் அங்கே வரிக்குதிரைக் கோடு இருந்ததற்கு அடையாளமாக நாலு வெள்ளைத் திட்டு தெரியும், அவ்வளவுதான். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் இரண்டாவது மாடிப் பையனை, நாலாம் கிளாஸ், ஒரு ஸ்கூட்டர்காரன் தட்டிவிட்டுப் போய்விட்டான். மணிக்கட்டில் முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. சொசைட்டி வாட்ஸப்பில் அன்றைக்கு நூற்றுக்கும் மேல் செய்தி. நாடு உருப்படாது, டிரைவிங் லைசென்ஸ் யார் கொடுத்தது, சிசிடிவி வைக்கணும், வெளிநாட்டில் இப்படியா. ராத்திரி பத்து மணிக்கு யாரோ ரோஜாப்பூ போட்டு குட் நைட் சொன்னார், முடிந்தது.

அந்த ஞாயிறு வகுப்பில் பாடம் கடிதம் எழுதுதல். 'தாத்தாவுக்கு நலம் விசாரித்து ஒரு கடிதம் எழுதுக.' அடிபட்ட பையனின் அக்கா பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். "ஆன்ட்டி, தாத்தாவுக்கு எழுதினா தாத்தா என்ன பண்ணுவாரு? ரோடு யாரோடதோ அவங்களுக்கு எழுதலாம்ல?"

தங்கமணி உள்ளே எட்டிப் பார்த்து, "ஏங்க, ரோடு யாரோடது?" என்றாள். நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன்.

எங்கள் பெண் அப்போது ஆறாம் கிளாஸ். அப்போதிருந்த என்.சி.இ.ஆர்.டி. சமூக அறிவியல் புத்தகத்தில் நகர நிர்வாகம் என்று ஒரு பாடம் இருந்தது. ஒரு பேட்டையில் குப்பை அள்ளவில்லை, பெண்கள் எல்லாரும் சேர்ந்து வார்டு கவுன்சிலர் வீட்டுக்குப் போகிறார்கள், மனு எழுதுகிறார்கள் என்று கதை மாதிரி வரும். (அந்தப் புத்தகத்துக்குப் பதில் 2024-ல் புதுப் புத்தகம் வந்துவிட்டது.) அவள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, "ப்பா, முதல்ல கவுன்சிலர்கிட்ட போகணும். நம்ம கவுன்சிலர் யாரு?" என்றாள்.

தெருமுனையில் பிறந்தநாள் வாழ்த்து பேனர்களுக்குக் குறைவில்லை. பிள்ளைகள் போய்ப் பெயர் எழுதிக்கொண்டு வந்தார்கள். ஆனால் ஒவ்வொரு பெயருக்கு முன்னாலும் பொடி எழுத்தில் 'மாஜி' என்று இருந்தது. அது என்ன மாஜி என்று கேட்டார்கள். முன்னாள். அப்போ இந்நாள் யாரு?

யாரும் இல்லை. அதுதான் விஷயம். புனே மாநகராட்சிக்கு 2017-ல் தேர்ந்தெடுத்த 162 உறுப்பினர்களின் பதவிக்காலம் 2022 மார்ச் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. புதுத் தேர்தல் நடக்கவில்லை. ஓ.பி.சி. இடஒதுக்கீடு, வார்டு எல்லை என்று வழக்குகள் உச்ச நீதிமன்றத்தில் நின்றன, மகாராஷ்டிரத்தில் பல மாநகராட்சிகளுக்கும் இதே கதி. ஆணையரே நிர்வாகி. 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஜூன் 1-ல் நடைமுறைக்கு வந்தது. பதவிக்காலம் ஐந்து வருஷம், அது முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று 243யு பிரிவில் தெளிவாக எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதி வைத்திருக்கிறார்கள், சரி.

"அப்ப எம்.பி.க்கு எழுதுவோம்" என்றான் ஒரு பொடியன். எம்.பி.யும் இல்லை! புனே எம்.பி.யாக இருந்த கிரீஷ் பாபட் 2023 மார்ச் 29 அன்று காலமானார். இடம் காலியாகவே இருந்தது.

தங்கமணி சார்ட் பேப்பரில் மூன்று நாற்காலி வரையச் சொன்னாள். நகர்சேவக், ஆம்தார், காஸ்தார். யார் இருக்கிறார்களோ அவர்கள் படத்தை ஒட்டணும். நடு நாற்காலியில் மட்டும் படம். மற்ற இரண்டும் காலி. லட்சக்கணக்கான ஜனங்கள் இருக்கிற ஊரில் வெகுஜனம் நேரடியாக ஓட்டுப் போட்டு உட்கார வைக்கிற மூன்று நாற்காலியில் இரண்டு காலி என்பது, பேப்பரில் தினமும் படித்துக்கொண்டுதான் இருந்தேன், எனக்கே அந்தச் சார்ட்டைப் பார்த்தபோதுதான் உறைத்தது. செய்தியாகப் படிப்பது வேறு, பதினோரு வயசுப் பிள்ளை பசை டப்பாவோடு 'இங்க யாரை ஒட்டணும்?' என்று நிற்பது வேறு.

பிள்ளைகள் விடவில்லை. அந்த வருஷம் பிப்ரவரியில்தான் இதே ஊரில் கஸ்பா பேட் சட்டமன்றத் தொகுதிக்கு இடைத்தேர்தல் அமர்க்களமாக நடந்திருந்தது. அங்கே எம்.எல்.ஏ.வாக இருந்த முக்தா திலக் இறந்தது 2022 டிசம்பர் 22. தேர்தல் நடந்தது 2023 பிப்ரவரி 26. இரண்டு மாசம் சொச்சம். "அங்க மட்டும் சீக்கிரமா வச்சாங்களே, இங்க ஏன் வைக்கல?" 1951-ஆம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 151ஏ என்று ஒரு பிரிவு. காலியான ஆறு மாசத்துக்குள் இடைத்தேர்தல் நடத்தணும். மீதமுள்ள காலம் ஒரு வருஷத்துக்குக் குறைவாக இருந்தாலோ, நடத்துவது கஷ்டம் என்று தேர்தல் ஆணையமும் மத்திய அரசும் கலந்து முடிவு செய்தாலோ மட்டும் விலக்கு. மக்களவையின் காலம் 2024 ஜூன் வரை இருந்தது. பிள்ளைகள் விரல் விட்டு எண்ணினார்கள். ஒரு வருஷத்துக்கு மேலேயே வந்தது. நானும் எண்ணிப் பார்த்தேன், வந்தது.

இதை ஒருநாள் லிஃப்டில் பேசிக்கொண்டிருந்தபோது தஞ்சாவூர்க்காரர் சிரித்தார். "இதென்ன சார் பெரிய விஷயம், நம்ம ஊர்ல 2016 அக்டோபர்ல முடிஞ்ச மாநகராட்சி நகராட்சிக்கெல்லாம் 2022 பிப்ரவரி 19-லதானே எலெக்‌ஷன் வச்சாங்க?" உண்மைதான். அஞ்சு வருஷத்துக்கும் மேல், ஒரு முழுப் பதவிக்காலமே ஆள் இல்லாமல் ஓடியது. நாம் யாரையும் பார்த்து நக்கலடிக்க முடியாது.

ஆக, மிச்சம் ஒரே ஒரு ஆம்தார். அவருக்குத்தான் எழுதணும் என்று முடிவானது. அடுத்து ஒரு நியாயமான சந்தேகம்: "எங்களுக்கு ஓட்டே இல்லையே, அவர் ஏன் படிக்கணும்?"

இங்கே எனக்குக் கொஞ்சம் உற்சாகம் வந்துவிட்டது. தொகுதிகளைப் பிரிக்கும்போது வாக்காளர்களை வைத்துப் பிரிப்பதில்லை, மொத்த மக்கள்தொகையை வைத்துத்தான் பிரிக்கிறார்கள். அந்தக் கணக்கில் குழந்தைகளும் உண்டு. உங்களையும் தலை எண்ணித்தான் அந்த நாற்காலியைப் போட்டிருக்கிறார்கள், ஆகவே அவர் உங்களுக்கும் ஆம்தார் என்று சொன்னேன். எல்லாருக்கும் முகம் மலர்ந்தது. என் பெண் மட்டும் கேட்டாள், எந்த வருஷத்துக் கணக்கு? 2001. "நாங்க யாருமே பொறக்கலையே ப்பா!" என்ன சொல்ல? :) 2021-ல் எடுக்க வேண்டிய கணக்கெடுப்பும் தள்ளிப் போய் இப்போது 2027-க்கு வந்திருக்கிறது.

இனிமேல்தான் நிஜமான வேலை. முதல் வரைவு பூராவும் பள்ளிக்கூட லீவ் லெட்டர் வாடை. 'தாங்கள் கருணை கூர்ந்து', 'தாழ்மையுடன் வேண்டிக்கொள்கிறேன்'. நம்ம ரத்தத்தில் ஊறினது அது. திங்கட்கிழமையானால் கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனுவோடு வரிசையில் நிற்கிற ஊரிலிருந்து வந்தவர்கள் நாம். நமக்குக் கேட்பது என்றால் அதிகாரியிடம், அதுவும் முதுகை வளைத்து. இல்லாவிட்டால் நேர் எதிர்ப் பக்கம்: இரண்டாவது வரைவில் ஒருத்தன் 'நீங்கள் தூங்குகிறீர்களா?' என்று ஆரம்பித்திருந்தான், டிவி விவாதம் பார்க்கிற வீட்டுப் பிள்ளை. தங்கமணி இரண்டையும் படித்துக் காட்டி, "இந்த லெட்டர் உனக்கு வந்தா நீ என்ன பண்ணுவ?" என்று கேட்டாள். முதலாவது வந்தால் பாவம் என்று நினைப்பேன். இரண்டாவது வந்தால் கிழித்துப் போடுவேன். அப்போ வேலை நடக்கிற மாதிரி எப்படி எழுதுவ?

என்ன வேண்டும், எங்கே வேண்டும், ஏன் வேண்டும். ஒரு லெட்டரில் ஒரே கோரிக்கை. நாய்த்தொல்லை, தண்ணீர் லாரி, பூங்கா ஊஞ்சல் எல்லாம் வேறு வேறு நாளைக்கு. இந்த விஷயத்தில் அவள் கறார். பெரியவர்கள் எழுதுகிற சொசைட்டி மனுவில் பதினேழு கோரிக்கை இருக்கும், படிக்கிறவர் அதில் சுலபமான ஒன்றைச் செய்துவிட்டுப் போட்டோ எடுத்துக்கொள்வார்.

'ஏன்' என்பதற்கு ஆதாரம் வேணும். மூன்று நாள் காலை 7.10-லிருந்து 7.40 வரை கேட்டுக்கு உள்பக்கம் நின்று எண்ணினார்கள். கடந்து போகிற பிள்ளைகளை ஒரு கோஷ்டி, நிற்காமல் போகிற வண்டிகளை ஒரு கோஷ்டி. முதல் நாள் 186 பிள்ளைகள், மறுநாள் 203, மூன்றாம் நாள் மழை, 150-க்குள். வண்டி எண்ணிய கோஷ்டி பாதியிலேயே கையை விரித்துவிட்டது. கோவைத் தாத்தா ஒருவர், சாலைப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், இதைக் கேள்விப்பட்டுத் தானாகவே வந்து சேர்ந்தார். வேகத்தடை என்றால் யாரோ தாரைக் கொட்டி மேடு போடுவதல்ல, இந்தியச் சாலைகள் காங்கிரஸ் அளவே குறித்து வைத்திருக்கிறது, 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம், வண்டி 25 கிலோமீட்டர் வேகத்தில் அலுங்காமல் ஏறி இறங்கணும், முன்னாடியே எச்சரிக்கைப் பலகை வைக்கணும் என்று தரையில் சாக்பீஸால் போட்டுக் காட்டினார். பிள்ளைகள் அதன்மேல் ஸ்கேட்டிங் போனார்கள். 'இந்த அளவில் வேகத்தடை' என்று லெட்டரில் ஒரு வரி ஏறியது. அந்த ஒரு வரிதான் மற்ற எல்லாவற்றையும்விட வேலை செய்தது என்பது என் அபிப்பிராயம்.

அடுத்து மொழி. இங்கிலீஷில் எழுதலாம் என்றார்கள் எல்லா அப்பாக்களும், நான் உள்பட. பிள்ளைகள் மராட்டியில்தான் எழுதுவோம் என்றார்கள். மகாராஷ்டிரத்தில் 2020-ல் வந்த சட்டத்துக்குப் பிறகு எந்தப் போர்டு பள்ளியானாலும் மராட்டி கட்டாயம், ஆகவே அவர்களுக்கு அது வீட்டுப்பாடம் எழுதுகிற மொழி, கீழே விளையாடுகிற மொழி. தரைத்தள ஆஜி (மராட்டியில் பாட்டி) திருத்திக் கொடுத்தார். 'மானனீய ஆம்தார் மஹோதய்' என்று ஆரம்பித்து, 'ஆப்லே நம்ர' என்று முடிந்தது. ஆஜி படித்துவிட்டு ஒரு நிமிஷம் சும்மா இருந்தார். பிறகு, இந்தச் சொசைட்டியில் இருபது வருஷமாக இருக்கிறேன், எங்கள் வீட்டுப் பிள்ளைகள் யாரும் இப்படி ஒன்று எழுதி என்னிடம் கொண்டுவரவில்லை என்றார். அடுத்த வாரத்திலிருந்து அவருடைய பேரன், பேத்தி, பக்கத்து வீட்டுச் சிந்திப் பையன் எல்லாரும் வர ஆரம்பித்துவிட்டார்கள். தமிழ் வகுப்பில் தமிழ் பாதிதான் மிஞ்சியது. தங்கமணிக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

தபால் கார்டு யோசனை என் பெண்ணுடையது. நாலாம் கிளாஸ் படிக்கும்போது, 2021 டிசம்பரில், பிரதமருக்கு 75 லட்சம் தபால் கார்டு என்று நாடு முழுக்கப் பள்ளிகளில் ஒரு இயக்கம் நடந்தது ஞாபகம் இருக்கலாம். அதிகம் பேசப்படாத சுதந்திரப் போராட்ட வீரர்கள், 2047-ல் என் கனவு இந்தியா என்று தலைப்புகள். அதில் எழுதியிருந்தாள். நல்ல விஷயம்தான். ஆனால் அது கட்டுரைப் போட்டி, இது வேறு. இதில் எழுதுகிறவருக்கு ஒன்று வேணும், படிக்கிறவர் ஒன்று செய்யணும். தபால் கார்டு இன்னும் 50 காசுதான். 50 காசு நாணயம்தான் கிடையாது, ஆகவே பத்துப் பத்தாகத்தான் வாங்க முடிகிறது. முப்பது வாங்கினோம், பதினைந்து ரூபாய். கவுன்ட்டரில் இருந்த அம்மா பீரோவுக்குள் கையை விட்டுத் தேடி எடுத்து, "யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டார்.

இதற்குள் வீடுகளில் முணுமுணுப்பு ஆரம்பித்தது. ஒரு அம்மா, "நாம பொழைக்க வந்தவங்க, எதுக்கு இந்த வம்பு, நாளைக்கு யாராவது வீட்டு வாசல்ல வந்து நின்னு யார் எழுதினான்னு கேட்டா?" என்றார். அந்தப் பயத்தைச் சிரித்துத் தள்ள எனக்கு மனசு வரவில்லை. வெளியூரில் குடும்பம் நடத்துகிற எல்லாருக்கும் அடிவயிற்றில் அது இருக்கிறது. மொழி தெரியாத ஊரில் முதல் வருஷம் வாடகை வீட்டுக்காரரிடம்கூடக் குரலை உயர்த்தாமல் இருந்தோமே, அதே பயம்தான். பிள்ளைகளின் முதல் பெயரும் வகுப்பும் மட்டும், ஃபிளாட் நம்பர் வேண்டாம், தொடர்புக்குப் பெரியவர் ஒருவரின் போன் நம்பர் என்று பேசி முடித்தோம். நம்பர் என்னுடையது.

இன்னொருவர் வேறு மாதிரி. "எனக்கு ஓட்டு பாளையங்கோட்டைல இருக்கு. இங்க எம்.எல்.ஏ. யாரா இருந்தா எனக்கென்ன சார்?" அவர் பையன் பக்கத்திலேயே நின்றான். "அப்ப பாளையங்கோட்டை எம்.எல்.ஏ. இங்க வந்து கோடு போடுவாராப்பா?" என்றான், கிண்டலே இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்வதற்காக. அவர் பதில் சொல்லாமல் சாவியைத் தேடினார். நமக்கு அந்த ஓட்டு ஊரோடு இருக்கிற கயிறு, அதை அறுக்க மனசு வராது. தேர்தலுக்கு லீவு போட்டு, பஸ் டிக்கெட் மூன்று மடங்கு கொடுத்துப் போகிறவர்களை எனக்குத் தெரியும், அவர்களைக் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் பிள்ளைகளுக்கு அந்தக் கயிறு இல்லை. அவர்களுக்கு ஊர் என்பது மே மாதம். மற்ற பதினொரு மாதமும் தாண்டுகிறது இந்த ரோட்டைத்தான். (எனக்குத் தெரிந்து அந்த வருஷக் கடைசியில் நாலு பேர் ஓட்டை இங்கே மாற்றிக்கொண்டார்கள். 2022 ஆகஸ்டிலிருந்து முகவரி மாற்றத்துக்கு எட்டாம் எண் படிவம், வேறு தொகுதியானாலும் அதுவேதான். வேண்டுகிறவர்கள் குறித்துக்கொள்ளவும்.)

ஒரு லெட்டர், இருபத்தேழு கார்டு. கார்டில் ஒவ்வொருவரும் தன் கைப்பட ஒரே ஒரு வரி. நான் காலையில் எத்தனை மணிக்குக் கடக்கிறேன், யாரோடு. அடிபட்ட பையன் இடது கையால் எழுதினான், வலது கையில் கட்டு. 'மீ ஏக்டா ஜாதோ' என்று இருந்தது அவன் கார்டில். நான் தனியாகப் போகிறேன்.

மூன்று வாரம் ஒன்றும் இல்லை. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித் தருவதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். பத்து நிமிஷத்தில் பால் பாக்கெட் வீட்டுக்கு வருகிற காலத்தில் மூன்று வாரம் எப்படித் தாங்குவார்கள்? தினமும் தபால் பெட்டியைப் பார்த்துவிட்டு வந்து, "அவங்க படிக்கவே இல்ல" என்றார்கள். ஆஜிதான் சமாதானம் சொன்னார், கணபதி முடியட்டும், கணபதி முடியாமல் புனேயில் எதுவும் நகராது. அது நூற்றுக்கு நூறு உண்மை.

கணபதி கரைத்த அடுத்த வாரம் எனக்குப் போன். ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தேன். ஆம்தார் அலுவலகத்திலிருந்து. பேசினவர் முதலில் கேட்டது, "நிஜமாவே பிள்ளைகள்தான் எழுதினதா?" அப்புறம், "அந்த 3.7 மீட்டர் யார் சொன்னது?" நாலு நாளில் தபாலும் வந்தது. லெட்டர்ஹெட்டில் மூன்றே வரி. உங்கள் கடிதம் கிடைத்தது, சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறோம், அதன் நகல் இணைப்பு. கீழே மையில் போட்ட கையெழுத்து. மூன்று வரி அரசாங்கக் கடிதத்தை அவ்வளவு முறை படித்தவர்கள் வேறு யாரும் இருக்க முடியாது. கையெழுத்து அச்சா, நிஜமா என்று எச்சில் தொட்டுப் பார்த்தது ஒன்று. அது கலைந்துவிட்டது, நிஜம்தான் என்று நிரூபணமாச்சு, பாதிக் கையெழுத்தும் போச்சு.

தீபாவளிக்கு முன்னால் வெள்ளைக் கோடு போட்டார்கள். ராத்திரி பதினோரு மணிக்குப் பெயின்ட் வண்டி வந்தது, பால்கனி எல்லாம் தலைகள். எச்சரிக்கைப் பலகையும் வந்தது. வேகத்தடைக்குப் போக்குவரத்துப் போலீஸ் ஒப்புதல் வேணும், அது தனிக் காகிதம், தனிப் பயணம். பிள்ளைகள் அதற்கும் எழுதினார்கள். இன்றுவரை மேடு வரவில்லை. தாத்தா மட்டும் இன்னும் அந்த அளவைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

காலி நாற்காலி கதை பாக்கி இருக்கிறதே. எம்.பி. நாற்காலிக்கு 'வரப்போகும் காஸ்தாருக்கு' என்று ஒரு லெட்டர் எழுதி உறையில் போட்டு, சார்ட்டுக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார்கள். 2023 டிசம்பர் 13 அன்று, புனேவாசி ஒருவர் போட்ட வழக்கில், உடனே இடைத்தேர்தல் நடத்தச் சொல்லி பம்பாய் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பொதுத் தேர்தல் வேலையில் மும்முரமாக இருக்கிறோம் என்று தேர்தல் ஆணையம் சொன்ன காரணத்தை நீதிபதிகள் ஏற்கவில்லை. எங்கள் வீட்டு ஹாலில் கைதட்டல். 2024 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது. ஹாலில் நிசப்தம். கடைசியில் 2024 மே 13 பொதுத் தேர்தலில் வாக்களித்து, ஜூன் 4 அன்று முரளிதர் மொஹோல் தேர்வானார். பதினாலு மாசத்துக்கு மேல் அந்த நாற்காலி காலி.

உறையைப் பிரிக்கிற நாளில் ஒரு வேடிக்கை. எதுக்கு வம்பு என்று ஒதுங்கியிருந்த பெரியவர்கள் எல்லாம் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். "எம்.பி.ன்னா ரயில்வே. நாகர்கோவில் வண்டி வாரம் முழுக்க ஓடணும்னு எழுதச் சொல்லுங்க. பிள்ளைங்க எழுதினாதான் அவங்க படிக்கறாங்க." எனக்கும் சபலம்தான், தட்கலுக்கு விடிகாலையில் எழுந்து உட்காருகிறவன்தானே நானும். தங்கமணி ஒரே வார்த்தையில் முடித்தாள். அது உங்க லெட்டர், நீங்க எழுதுங்க. பிள்ளைகள் நம்ம விண்ணப்பத்துக்கு ஒட்டுகிற ஸ்டாம்பு கிடையாது. அவள் சொன்னதில் எனக்கு முழுச் சம்மதம். பிள்ளைகளை முன்னால் நிறுத்திக் காரியம் சாதிக்கிறது நமக்குச் சுலபமாக வருகிற பழக்கம், பள்ளி விழாவிலிருந்து கட்சிக் கூட்டம் வரை.

பிள்ளைகள் பழைய உறையைப் பிரித்தார்கள். உள்ளே கேட்டிருந்த வெள்ளைக் கோடு வந்தாகிவிட்டது. அதைக் கிழித்துவிட்டுக் கைதூக்கி ஓட்டெடுத்துப் புதிதாக ஒன்று எழுதினார்கள். எங்கள் ஊருக்குப் பதினாலு மாசம் எம்.பி. இல்லை, சட்டத்தில் ஆறு மாசம் என்று இருக்கிறது, இனி எந்த ஊருக்கும் இப்படி ஆகாமலிருக்க நீங்கள் நாடாளுமன்றத்தில் என்ன கேட்பீர்கள்? இவ்வளவுதான் லெட்டர். ரயில் பற்றி அப்பாக்கள் தனியாக எழுதினார்களா என்றால், இன்னும் வரைவு நிலையில் இருக்கிறது.

நகர்சேவக் நாற்காலிதான் கடைசி. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் நாலு மாசக் கெடு கொடுத்தது, பிறகு அது 2026 ஜனவரி 31 வரை நீண்டது, ஜனவரி 15 அன்று மகாராஷ்டிரத்தில் 29 மாநகராட்சிகளுக்கும் தேர்தல் நடந்தது. கிட்டத்தட்ட நாலு வருஷம். எங்கள் பெண் இதற்குள் எட்டாம் கிளாஸுக்கு வந்து, இதெல்லாம் சின்னப் பிள்ளைகள் வேலை என்கிற வயசுக்குப் போய்விட்டாள். சார்ட் பேப்பரை மூன்றாம் கிளாஸ் வாண்டு ஒன்றிடம் ஒப்படைத்துவிட்டாள். அதற்கோ புதுச் சிக்கல். இங்கே ஒரு பிரபாக்குக்கு நாலு நகர்சேவக், ஒவ்வொருத்தரும் நாலு ஓட்டுப் போட்டோம். நாற்காலி ஒன்றுதான் வரைந்திருக்கிறது, படம் நாலு.

நாலு பேரில் யாருக்கு எழுதுவது? ஒருத்தருக்கு எழுதினால் மற்ற மூவரும் எனக்கு வரவில்லை என்பார்கள். நாலு பேருக்கும் தனித்தனியாக எழுதினால் அவர் பார்ப்பார் என்று ஒவ்வொருவரும் இருந்துவிடுவார்கள். வாண்டு யோசித்துச் சொன்ன வழி: ஒரே லெட்டர் நாலு பிரதி, ஒவ்வொன்றின் அடியிலும் மற்ற மூன்று பேருக்கும் இது போயிருக்கிறது என்று பெயரோடு எழுதிவிடுவது. பதினாலு வருஷமாக ஆபீஸ் மெயிலில் மேனேஜர் பெயரைச் சேர்த்து அனுப்புகிற வித்தையை எனக்கு யாரும் சொல்லித் தரவேண்டி இருந்தது, இதுக்கு எட்டு வயசு.

கோரிக்கை, பள்ளிப் பக்கத்துச் சந்தில் தெருவிளக்கு. ஆஜிக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, ஆகவே மராட்டி திருத்தியது என் பெண், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. நாலு உறை, ஐந்து ரூபாய் ஸ்டாம்பு நாலு, மொத்தம் இருபது ரூபாய். சொசைட்டிக் கணக்கில் எழுதலாமா என்று செயலாளரிடம் வாண்டே போய்க் கேட்டிருக்கிறது. வவுச்சர் கொண்டுவா என்று சொல்லியிருக்கிறார்.